கத்தரிக்கோல்காரி அகாத்தே

உயர் ஆணையர் வீட்டில் நாங்கள் பதினொரு பேர் வேலை பார்த்தோம். எனக்குத் தொலைபேசிப் பலகை. எனக்கு எதிர் அறை அகாத்தே ஃபொர்மெல்லாவுக்கு. பத்திரிகைகளை வெட்டி ஒட்டுவது அவள் வேலை.

டான்சிக் அப்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஊராக இருந்தது. முதல் போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து பிரித்து, தனிச் சட்டசபை, தனிப் போலீஸ், தனித் தபால்தலை என்று கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கம் ஓர் ஆளை அனுப்பும். அவர்தான் உயர் ஆணையர். அவருக்குப் படை கிடையாது. ஒரு வீடு, ஒரு கார், நாங்கள் பதினொரு பேர், அவ்வளவுதான்.

1934 இலையுதிர்காலத்தில் வந்தவர் நார்வேக்காரர். ட்ரெசெல்ட் என்று பெயர். வக்கீலாக இருந்தவர், உயரமானவர், ஜெர்மன் மொழியை ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசுவார். அவர் வருவதற்கு ஒரு வருடம் முன்பே ஊர் ஆட்சி நாஜி கட்சியின் கைக்குப் போயிருந்தது. ரயில் நிலையத்தில் இறங்கியபோது கட்சிப் பத்திரிகை உட்பட எல்லாப் பத்திரிகைகளும் அவர் படத்தை முதல் பக்கத்தில் போட்டன. அகாத்தேயின் முதல் ஆல்பம் அந்தப் படங்களோடு தொடங்கியது.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஷிட்லிட்ஸ் பேட்டையில், துறைமுகத்தில் பாரம்தூக்கி ஓட்டிய ஒருவரின் மகளாகப் பிறந்தவள். புருஷன் லியோ ஆற்றில் தூர்வாரும் படகில் இருந்தார். நுரையீரல் கெட்டு 1929இல் இறந்துபோனார். குழந்தை இல்லை. துறைமுக அலுவலகத்தில் பல வருடம் கோப்புகள் பார்த்ததால் ஜெர்மன், போலிஷ் இரண்டும் சுத்தமாகத் தெரியும், பிரெஞ்சு படித்தால் புரியும். அதனால்தான் இந்த வேலைக்கு எடுத்தார்கள். அவள் வீட்டின் பின் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. அக்கா என்று கூப்பிடுவேன்.

காலை ஏழரைக்கு உள்ளூர்ப் பத்திரிகைகள் அவள் மேசைக்கு வந்துவிடும். பெர்லினும் வார்சாவும் பத்து மணிக்கு. பாரிஸ், லண்டன், ஸ்டாக்ஹோம் எல்லாம் இரண்டு நாள் பழையதாக வரும். ஆணையர் பெயர் எங்கே இருந்தாலும் வெட்டி, தடித்த பழுப்புத் தாளில் ஒட்டி, கீழே பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், நீளம் எழுதுவாள். நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதுவாள். நீளம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துறைமுக அலுவலகப் பழக்கம் என்றாள்.

முதல் ஐந்தாறு மாதம் அமைதியாகப் போனது. பிறகு ஆட்சியாளர்கள் எதிர்க்கட்சிக்காரர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள், தொழிலாளர் பத்திரிகைக்கு மூன்று மாதம் தடை போட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ட்ரெசெல்ட் எல்லா மனுக்களையும் வாங்கினார், படித்தார், ‘இது உங்கள் அரசியல் சட்டத்துக்கு விரோதம்’ என்று ஆட்சிக்கு எழுதினார். அவர்கள் பதில் எழுதவில்லை. பத்திரிகையில் எழுதினார்கள்.

‘மாண்புமிகு ஆணையர்’ போய் ‘திருவாளர் ட்ரெசெல்ட்’ வந்தது. பிறகு ‘நார்வேக்காரர்’. பிறகு ‘அழையா விருந்தாளி’. அவர் இருபத்து நான்கு பேரை விருந்துக்கு அழைத்தால் ஏழு பேர் வந்தார்கள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்று வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் ஏழு என்ற எண்ணும் வந்தது, என்ன சூப் என்பதும் வந்தது.

ஒருநாள் நான் அவள் அறைக்குப் போனபோது ஆணையரின் மனைவியைப் பற்றிய ஒரு பத்தியை வெட்டிக்கொண்டிருந்தாள். அசிங்கமான பத்தி.

“இதெல்லாம் படிச்சா உனக்குக் கோபம் வரலியா அக்கா?”

“மொதல்ல வந்துச்சு.”

“இப்போ?”

“இப்போ அளக்குறேன்.” அடிமட்டத்தை வைத்தாள். “பதினொண்ணரை.”

பத்திரிகைக் கட்டு மெலிந்துகொண்டே வந்தது. தொழிலாளர் பத்திரிகை நிரந்தரமாக நின்றுபோனது. மிச்சமிருந்தவை கட்சிப் பத்திரிகை, வியாபாரிகளின் பத்திரிகை, பிரார்த்தனை நேரமும் கப்பல் நேரமும் போடுகிற ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை. 1936 மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, இந்த மூன்றிலும் ஆணையரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மூன்றுக்கும் தலைப்பு வேறு, எழுதியவர் பெயர் வேறு. ஆனால் மூன்றிலும் ட்ரெசெல்ட் என்பது ‘ட்ரெல்செட்’ என்று எழுத்து மாறி அச்சாகியிருந்தது. அதுவும் ஒரே வரியில்.

அகாத்தே மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக ஒட்டினாள். சிவப்புப் பென்சில் எடுத்து மூன்று தவறையும் வட்டமிட்டாள். கீழே எதுவும் எழுதவில்லை. ஆல்பத்தை மாடிக்கு அனுப்பிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

அரை மணி நேரத்தில் ட்ரெசெல்ட் கீழே இறங்கி வந்தார். அவர் எங்கள் அறைப் பக்கம் வருவதே இல்லை. நான் எழுந்து நின்றேன், காதில் மாட்டிய கருவி இழுத்து உட்கார வைத்தது.

“அம்மா, இந்த வட்டம் நீங்க போட்டதா?”

“ஆமாங்க.”

“அச்சுப்பிழை எல்லாப் பத்திரிகையிலயும் வரும் இல்லையா?”

“வரும். மூணு அச்சாபீஸ்ல, மூணு ஆள், ஒரே நாள்ல, ஒரே எடத்துல தப்பு பண்ண மாட்டாங்க. யாரோ ஒருத்தர் தட்டச்சுல அடிச்சு மூணு பேருக்கும் குடுத்திருக்காங்க. அடிச்சவர் தப்பா அடிச்சுட்டார்.”

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். “நன்றி,” என்று சொல்லிவிட்டு மேலே போனார். அடுத்த வாரம் ஜெனீவாவுக்குப் போன அறிக்கையில் அந்தத் தாளின் புகைப்படம் இணைக்கப்பட்டது. ஊரில் சுதந்திரமான பத்திரிகை எதுவும் இல்லை, எல்லாம் ஒரே மேசையிலிருந்து வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று எழுதினார். வீட்டில் எல்லோரும் அன்று அவளை வேறு மாதிரி பார்த்தோம். அவள் வழக்கம்போல ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இந்த விஷயத்தைப் பத்திரிகையில் எழுதியவர் ஸ்வீடன் நிருபர் லிண்ட்மார்க். நல்ல மனிதர், நாஜிகளைப் பிடிக்காதவர், ஆணையருக்கு நண்பர். வாரத்துக்கு மூன்று முறை என் பலகை வழியாகத்தான் ஸ்டாக்ஹோமுக்குச் செய்தி சொல்லுவார். ஏப்ரலில் அவர் கட்டுரை வந்தது. ‘ஒரு விதவையும் ஒரு சிவப்புப் பென்சிலும்’ என்று தலைப்பு. அவள் பெயர் இல்லை. ஆனால் ஷிட்லிட்ஸ் என்று இருந்தது, புருஷன் தூர்வாரும் படகில் இருந்தவர் என்று இருந்தது, பழைய துறைமுக அலுவலகம் என்று இருந்தது. இதையெல்லாம் காப்பி குடிக்கும்போது அவளிடமே சிரித்துப் பேசிக் கேட்டுவைத்திருந்தார். மெச்சித்தான் எழுதியிருந்தார். நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

கட்சிப் பத்திரிகைக்கு அவளைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது.

அந்த நாள் காலை எட்டு மணி இருக்கும். எதிர் அறையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். பத்திரிகை அவள் முன்னால் விரித்துக் கிடந்தது. மூன்றாம் பக்கம். ‘அந்நியன் கொடுக்கும் ரொட்டிக்காகச் சொந்த ஊரை வெட்டும் கத்தரிக்கோல்காரி.’ பெயர் முழுதாக இருந்தது. அகாத்தே ஃபொர்மெல்லா, பிறந்த குடும்பம் ஸீல்கே. தெருப்பெயர், கதவு எண், எத்தனையாவது மாடி என்பது வரை.

“அக்கா,” என்றேன்.

“இரு எர்னா.” கத்தரிக்கோலை எடுத்தாள். ஓரம் கோணாமல் வெட்டினாள். பசை தடவி, தாளில் வைத்து, துணியால் நீவினாள். தேதி எழுதினாள். பக்கம் எழுதினாள். அளந்தாள். “பதினாலு,” என்றாள். “லிண்ட்மார்க்தான் என்னைப் பத்தி நெறைய எழுதியிருக்கார்.”

அவள் அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். மணி அடித்தது, நான் பலகைக்குப் போனேன்.

அந்த வாரம் ரொட்டிக் கடையில் அவளை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார்கள். வரிசை முடிந்ததும் ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆற்றங்கரை மீன் சந்தையில் பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

“ஏய், கத்தரிக்கோல்காரி வர்றாடி! பாவாடையைப் பிடிச்சுக்கோங்க, வெட்டி ஆல்பத்துல ஒட்டிடுவா!”

“என்ன மகராசி, எம் மீனை எத்தனை சென்டின்னு அளந்து சொல்லேன்!”

அளக்கிற விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். சூப்பைப் பற்றி வெளியே சொன்ன அதே ஆளாக இருக்கும். அகாத்தே இரண்டு தட்டை மீனைக் காட்டினாள், காசைப் பலகையில் வைத்தாள், அந்தப் பெண் மீனைத் தாளில் சுற்றாமல் நீட்டினாள். அவள் கையில் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். படியேறும்போது, “இனிமே நீ வாங்கு, உன்னைத் தெரியாது அவங்களுக்கு,” என்றாள்.

‘பிறந்த குடும்பம் ஸீல்கே’ என்று இருந்தது அல்லவா, அதுதான் பெரிய விஷயமாகப் போனது. அவளுக்கு ஒரு தம்பி. கொன்ராட் ஸீல்கே. ட்ராம் வண்டியில் கண்டக்டர். மனைவி இர்மா, இரண்டு பெண் குழந்தைகள். கட்சிக்காரன் இல்லை, எதிர்க்கட்சிக்காரனும் இல்லை. மாலையில் புறா வளர்ப்பான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அகாத்தே அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவாள், சில சமயம் நானும் போவேன். பத்திரிகையில் பெயர் வந்த வாரத்து ஞாயிறன்று இர்மா வாசலிலேயே நின்று, “இன்னிக்கு வேணாம் அண்ணி, பக்கத்து வீட்டுல பாக்குறாங்க,” என்றாள். நாங்கள் திரும்பிவிட்டோம்.

மே மாதத்தில் இன்னொரு ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குக் கொன்ராட் எங்கள் வீட்டுக்கு வந்தான். சீருடை போடவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றாமலே இருந்தான். நான் எழுந்து போகப் பார்த்தேன், அகாத்தே உட்காரச் சொன்னாள்.

“டிப்போ மேனேஜர் கூப்பிட்டார்,” என்றான்.

“ம்.”

“அவ ஒன் கூடப் பொறந்த அக்காவான்னு கேட்டார். ஆமான்னேன். ரெண்டு வாரம் டைம் குடுக்குறேன்னார். பேப்பருக்கு ஒரு லெட்டர் எழுதணுமாம். உங்கூட எனக்கு ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு. பேப்பர்ல வந்தா வேலை இருக்கும். இல்லாட்டி இல்ல.”

“எழுத வேண்டியதுதானே.”

“எழுதினேன் அக்கா.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். “திருப்பி அனுப்பிட்டாங்க. இது பத்தாது, உணர்ச்சி இல்லன்னு சிவப்புல எழுதியிருக்கு. எனக்கு எழுத வராதுன்னு ஒனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல என் கட்டுரையெல்லாம் நீதான் எழுதுவே.”

அகாத்தே தாளை வாங்கிப் படித்தாள். நான்கே வரி. ‘என் அக்கா செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வீட்டுக்கு நான் போவதில்லை.’ எழுத்துப்பிழை வேறு.

“பிடிக்கலன்னா எழுதுறது? இது சூப் இல்லடா,” என்றாள். கொன்ராட் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது, நிறுத்திவிட்டான்.

அவள் எழுந்து மேசையைத் துடைத்தாள். பேனா, மை, வெள்ளைத்தாள் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, நீ எழுத வேணாம். எப்படின்னு மட்டும் சொல்லு.”

“நான் சொல்லி நீ எழுதுனா சாயங்காலம் ஆயிரும். நான் எழுதுறேன், நீ ஒன் கையெழுத்துல பாத்து எழுது.”

ஒரே மூச்சில் எழுதினாள். ஒன்றரை வருடத்துக்கு மேல் தினமும் அந்தப் பத்திரிகையை வெட்டியவள். எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும், எங்கே மூச்சு விடுவார்கள், எங்கே ஆச்சரியக்குறி போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ‘ஒரு நேர்மையான ஜெர்மன் தொழிலாளியாக வெட்கித் தலைகுனிகிறேன்’ என்று ஆரம்பித்தாள். ‘என் தாய் உயிரோடு இல்லாதது அவளுக்குக் கிடைத்த வரம்’ என்று ஒரு வரி. ‘அந்நியன் மேசையிலிருந்து விழும் துண்டுகளுக்காக ரத்தத்தை விற்றவள்.’ ‘இன்று முதல் எனக்கு அக்கா இல்லை. என் பிள்ளைகளுக்கு அத்தை இல்லை.’

கொன்ராட் எழுத்துக்கூட்டிப் படித்தான். தாய் என்ற வரியில் விரலை வைத்தான்.

“இவ்வளவு வேணுமா அக்கா?”

“இவ்வளவு இருந்தாத்தான் போடுவாங்க. கொறஞ்சா மறுபடி திருப்பி அனுப்புவாங்க. ரெண்டு வாரத்துல எத்தனை நாள் போச்சு?”

“பத்து.”

“அப்போ எழுது.”

அவன் பார்த்து எழுதினான். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் பிழை விட்டான், அவள் பார்த்தாள், திருத்தவில்லை. “இருக்கட்டும், அப்பத்தான் ஒன்னுது மாதிரி இருக்கும்,” என்றாள். எழுதி முடித்ததும் தான் எழுதிய தாளை அடுப்பில் போட்டாள். உருளைக்கிழங்கும் மோரும் வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். கொன்ராட் புறாக்களுக்குச் சளி பிடித்திருப்பதைப் பற்றிப் பேசினான். வாசலில் அவள் தோளில் கை வைத்தான். “போ, இர்மா தேடுவா,” என்றாள்.

புதன்கிழமை கடிதம் வந்தது. அவள் வெட்டினாள், ஒட்டினாள், அளந்தாள். பத்தொன்பது.

“ஒரு வார்த்தை கூட வெட்டல,” என்று என்னிடம் சொன்னாள். அவள் குரலில் பெருமையும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

ட்ரெசெல்ட் அன்று மறுபடியும் கீழே வந்தார். ஆல்பம் கையில் இருந்தது. கதவருகே நின்றே பேசினார்.

“இது உங்க தம்பி எழுதினது இல்லம்மா. நான் வக்கீல், எனக்குத் தெரியும். இந்த நடை ஒரு கண்டக்டர் நடை இல்ல. அந்தப் பத்திரிகை ஆபீஸ்ல ஒக்காந்து யாரோ எழுதி, அவர் பேரைப் போட்டிருக்காங்க. குடும்பத்தையே உடைக்கிறாங்க. இதை நான் ஜெனீவாவில சொல்லலாமா?”

அகாத்தே பசைப் புட்டியை மூடினாள். “உங்க இஷ்டம்ங்க,” என்றாள்.

நான் பலகையில் இருந்தேன், எல்லாம் கேட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கொன்ராடுக்கு வேலை போகும் என்பது ஒரு காரணம். வேறு காரணமும் இருந்தது, இன்றுவரை அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஜெனீவாவில் அவர் பேசினார். அக்காவைத் தம்பி கைகழுவிய கடிதம் கட்சிப் பத்திரிகை அலுவலகத்திலேயே தயாரானது என்றார். லண்டனில் வந்தது, பாரிஸில் வந்தது, ஸ்டாக்ஹோமில் லிண்ட்மார்க் முதல் பக்கத்தில் எழுதினார். நாஜிகளுக்கு எதிராக ஒற்றை ஆளாக நிற்கிறார் என்று எல்லோரும் ட்ரெசெல்டைப் புகழ்ந்தார்கள். உண்மையாகவே அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். எல்லாம் இரண்டு நாள் பழையதாக அவள் மேசைக்கு வந்தது. ஒட்டினாள். பதினேழு நறுக்குகள்.

பிறகு கட்சிப் பத்திரிகை கொன்ராடின் கடிதத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டது. அவன் கையெழுத்து, இரண்டு எழுத்துப்பிழை, கையொப்பம், எல்லாம். பக்கத்தில் அவன் டிப்போ பதிவேட்டில் போட்ட கையொப்பம். ‘உலகத்தின் முன் பொய் சொன்ன நார்வேக்காரர்’ என்று தலைப்பு. ஒரு வாரம் இதே பேச்சுதான். பெர்லின் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. அவரைப் புகழ்ந்த லண்டன் பத்திரிகை ஒன்று, ‘ஆணையர் அவசரப்பட்டுவிட்டார்போலும்’ என்று சின்னதாக ஒரு வரி போட்டது. மூன்று சென்டிமீட்டர்.

அதை ஒட்டிவிட்டு அகாத்தே எழுந்தாள். ஆல்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள்.

“சொல்லிட்டேன்,” என்றாள்.

“என்ன சொன்னார்?”

“ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டார். நீங்க கேட்டது ஜெனீவாவில சொல்லலாமான்னு, யார் எழுதினதுன்னு கேக்கலன்னேன்.”

“கோபப்பட்டாரா?”

“இல்ல. ஜன்னல்கிட்ட போய் நின்னார். அப்புறம், உங்க தம்பிக்கு வேலை இருக்கான்னு கேட்டார். இருக்குன்னேன். சரி, போய் வேலையைப் பாருங்கன்னார்.”

அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. மறுப்பும் எழுதவில்லை. பொய்யர் என்ற பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார். அவர் நினைத்திருந்தால் ஒரே வரியில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம், கொன்ராடைத் தொலைத்திருக்கலாம். பெரிய மனிதர் என்று அவரைப் பற்றி எத்தனையோ பத்திரிகைகள் எழுதின. இந்த விஷயம் ஒன்றிலும் வரவில்லை.

செப்டம்பரில் அவரை ஜெனீவாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். பெரிய பதவி என்றார்கள். இங்கிருந்து எடுக்க ஒரு வழி என்று எங்களுக்குத் தெரியும். கிளம்பும் நாள் எங்கள் எல்லோரிடமும் கை குலுக்கினார். அகாத்தேயிடம் வந்தபோது, “ஆல்பம் எல்லாம் என்கூட வருது,” என்றார். “சரிங்க. ஒம்பது இருக்கு,” என்றாள். புதிதாக வந்த ஆணையருக்குப் பத்திரிகை நறுக்குகள் வேண்டாம். மாதக் கடைசியோடு அவள் வேலை முடிந்தது. என்னை இன்னும் ஒரு வருடம் வைத்திருந்தார்கள்.

ஊரில் வேறு யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. ஆறு இடத்தில் கேட்டாள். ஏழாவது இடம் எல்லைக்கு அந்தப் பக்கம், போலந்துத் துறைமுகமான க்டின்யாவில், மீனுக்குப் புகை போடும் ஒரு கொட்டகை. போலிஷ் பேசத் தெரிந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். நவம்பரில் ஒரு காலை, அவள் பெட்டியை நான் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ட்ராம் ஏறினோம். ஏறிய பிறகுதான் பார்த்தோம், கொன்ராடின் வண்டி. வண்டி நிறைய ஆள்.

அவன் ஒவ்வொருவராகச் சீட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தான். எங்களிடம் வந்தான்.

“ஸ்டேஷன் ரெண்டு,” என்றாள் அகாத்தே.

“பெட்டிக்கும் சீட்டு எடுக்கணும்,” என்றான்.

“அப்போ மூணு.”

மூன்று சீட்டு கிழித்துக் கொடுத்தான். அடுத்த ஆளிடம் போனான். ஸ்டேஷனில் நாங்கள் இறங்கும்போது வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அப்படி எனக்குத் தோன்றியிருக்கலாம். பெட்டி கனமாக இருந்தது.

பிறகு அவளை நான் இரண்டு முறைதான் பார்த்தேன். முப்பத்தெட்டில் ஒரு முறை போனேன். கை விரல்களெல்லாம் புகை ஏறிப் பழுப்பாக இருந்தன. அங்கே அவளை எல்லோருக்கும் பிடித்திருந்தது, முதலாளிக்கு அவள் எழுதும் கணக்கு சுத்தமாக இருக்கிறதாம். பத்திரிகை வாங்குகிறாயா என்று கேட்டேன். மீன் சுற்ற வருகிறதே, போதாதா என்றாள். அது நகைச்சுவையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். போர் வந்தபோது ஜெர்மானியர்கள் அந்தக் கொட்டகையை எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் போனபோது மறுபடி கைமாறியது. இரண்டாவது முறை நான் பார்த்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள்.

நான் ஒரு கப்பல் சமையல்காரரைக் கட்டிக்கொண்டு லூபெக் நகரத்துக்குப் போனேன். நாற்பத்தெட்டில், அகதிகளைத் தங்கவைத்திருந்த மரக்கொட்டகைகளில் ஒன்றில் இர்மாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தாள். கொன்ராட் நாற்பத்தைந்து மார்ச்சில், டான்சிக் எரிந்தபோது, டிப்போவிலேயே செத்துப்போனான். கடைசிவரை கண்டக்டர் வேலை இருந்தது. பெரிய பெண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். சின்னவள் தப்பி வந்த வழியில் இறந்துபோய்விட்டாள், எங்கே என்று நான் கேட்கவில்லை.

சிக்கரி காப்பி ஊற்றிக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

“அந்த லெட்டர் ஞாபகம் இருக்கா எர்னா? பேப்பர்ல வந்துச்சே.”

“இருக்கு.”

“எனக்கு அந்த மனுசன் அப்படி எழுதுவார்னு நெனைச்சே பாக்கல. அம்மாவைப் பத்தியெல்லாம். ஒரு வருசம் அவர்கிட்ட சரியா பேசல நான். ஏன்யா இப்படி எழுதினேன்னு கேட்டா, எழுந்து புறாக்கிட்ட போயிடுவார்.”

அவனும் அவளிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் காப்பியைக் குடித்தேன்.

“அண்ணிக்குக் கோபம் இருந்துச்சா அவர் மேல?”

“இல்ல,” என்றேன்.

“நெசமா?”

“நெசமாத்தான். ஒரு நாளும் இல்ல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், யாருக்கும் வேலை போகப்போவதில்லை. அவள் அடுப்பைக் கிளறினாள். இந்த வாரம் நிலக்கரி பாதிதான் கொடுத்தார்கள், அதுவும் ஈரம் என்றாள். எங்கள் தெருவில் ஒருவரிடம் காய்ந்த விறகு கிடைக்கும், வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.